முகப்புக்குப் பின்னால் ஒரு வீடு

புதுச்சேரியில் பழைய வீட்டு வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் சுவரைத்தான் காட்டுவார்கள். பூச்சு உப்பி நிற்கிற இடம், உப்பு பூத்த இடம், ராத்திரி படுத்தால் பாயில் காரை உதிர்கிற இடம். எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மாடிப்படி எந்தப் பக்கம் என்று கேட்பேன். சிலருக்கு இது பிடிக்காது. "சுவரைப் பாருங்கன்னா இந்த ஆள் மாடிக்குப் போறாரே" என்று முணுமுணுப்பார்கள். பழைய வீட்டுக்கு வருகிற சீக்குகளில் பெரும்பாலானவை தண்ணீரால் வருகிறவை. அது மேலேயிருந்து இறங்கும், இல்லையென்றால் தரையிலிருந்து ஏறும். இறங்குவதை முதலில் நிறுத்தினால்தான் ஏறுவது எவ்வளவு என்று பிடிபடும்.

மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நடப்பேன். தளம் நன்றாக இருந்தால் குதிகால் பட்ட இடத்தில் கெட்டியான சத்தம் கேட்கும். மேலே பதித்த தட்டோடு தூக்கிக்கொண்ட இடத்தில் பொத்தென்று அடங்கிப்போகும். அந்த இடங்களைக் கரித்துண்டால் வட்டம் போட்டுக்கொண்டே போவேன். அடுத்தது மழைத்தண்ணீர் வடிகிற தூம்பு. வேப்பஞ்சருகு, பட்டம் விட்ட நூல், காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு எல்லாம் சேர்ந்து வாயை அடைத்திருக்கும். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் அரசங்கன்று ஒன்று நிற்கும். வீட்டுக்காரர்கள் வருஷா வருஷம் அதை மேலோடு ஒடித்துப் போடுவார்கள். வேர் உள்ளே பருத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்துச் செங்கலைப் பிரித்து, வேரை முழுதாக எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டினால் ஒழிய அது போகாது.

மாடியில் நான் கண்டு பயப்படுவது இவை எதையும் அல்ல, சிமெண்டை. ஒழுகுகிறது என்று ஒருவர் ஓர் அங்குலம் போட்டிருப்பார். அதில் வெடிப்பு விட்டதும் அடுத்தவர் அதன் மேலேயே இன்னோர் அங்குலம். அப்புறம் நீர் புகாத பெயிண்ட் என்று ஒரு டப்பா. தேக்குச் சட்டங்களின் மேல் அவ்வளவு பாரமும் உட்கார்ந்திருக்கும். வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. அது மரத்தில்தான் இறங்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கடற்கரையை ஒட்டிய மஞ்சள் சுவர்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது வெள்ளையர் இருந்த பகுதி: உயர்ந்த மதில், இரும்புக் கேட், உள்ளே தோட்டம், அதற்கும் உள்ளே வீடு. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் தெருக்கள். நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கிற இந்தத் தெருக்களின் வரைபடம், 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் காலத்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1765இல் திரும்பி வந்து, அதே கோடுகளின் மேல் மறுபடி கட்டினார்கள். நாங்கள் இன்று தட்டிப் பார்க்கிற சுவர்கள் எல்லாம் ஏறக்குறைய அதற்குப் பிந்தியவைதான்.

தமிழர் தெருவில் மதில் கிடையாது. தெருவோரம் மரத்தூண் நிறுத்தி ஓடு வேய்ந்த தாழ்வாரம். வெயிலிலும் மழையிலும் போகிறவன் ஒதுங்கிக்கொள்ள வீட்டுக்காரன் தன் செலவில் விட்ட இடம் அது. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுடையது தொடங்கும். அதற்கு உள்ளே திண்ணை, பிறகு நிலைக்கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடம், இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு, கொல்லை. கையில் காசு சேர்ந்த வியாபாரிகள் இதன் மேல் பிரெஞ்சு பாணியில் மாடி எழுப்பினார்கள். கீழே மரத்தூணும் திண்ணையும், மேலே வளைவு ஜன்னலும் சுதை வேலைப்பாடும். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு, அவர் பெயரால் உள்ள தெருவில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சு பாணிக் காரைத் தூண்கள். நாட்குறிப்பு எழுதிய மனிதர் என்றுதான் அவரை ஊர் அறியும். எங்கள் தொழில்காரர்கள் அவரை அந்தத் தூண்களுக்காக நினைத்துக்கொள்வோம்.

இன்னொன்று முக்கியம். இந்த வீடுகள் தனித்தனியாக நிற்பவை அல்ல. இரண்டு வீட்டுக்கு நடுவில் பெரும்பாலும் ஒரே பொதுச் சுவர். நடுவில் ஒரு வீட்டை இடித்துப் பள்ளம் தோண்டினால் இரண்டு பக்கத்து வீட்டிலும் நிலைக்கு மேலே விரிசல் ஓடும். ஒரு வீட்டுக்குப் பாதுகாப்பு என்று காகிதத்தில் எழுதிவிட்டு, பக்கத்து மனையில் நாலு மாடிக்கு அஸ்திவாரம் தோண்ட விட்டால் அந்தக் காகிதம் என்ன செய்யும்?

ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். தெருப் பெயர் வேண்டாம். முன்கட்டு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் கட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். பிள்ளைகள், மைத்துனர் பிள்ளைகள் என்று பாகஸ்தர்கள் பாரிஸிலும் சென்னையிலும். எனக்கு முன்னால் வேலை செய்த ஒருவர், ஓதம் ஏறுகிறது என்று கூடத்துச் சுவரில் நாலடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். இரண்டு மழைக்காலம் சும்மா இருந்த ஓதம், மூன்றாவதில் ஐந்தடியில் போய்ப் பூத்திருந்தது.

"நாலடிக்குப் போட்டா அஞ்சடியில வருது. இன்னும் ரெண்டடி போட்டுடலாமா மேஸ்திரி?" என்றார்.

"போடலாம்மா. அது ஏழடியில வரும். அப்புறம் மச்சு வரைக்கும் போகும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"போட்டதை எடுக்கணும்."

அவருக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. காசு கொடுத்துப் பூசியதைக் காசு கொடுத்து எடுக்கச் சொல்கிறவனை யார் நம்புவார்கள்? ஓர் ஓரமாக உளியால் ஒரு முழம் பெயர்த்துக் காட்டினேன். சிமெண்டுக்குப் பின்னால் செங்கல் நசநசவென்று இருந்தது. விரலால் சுரண்டினால் சந்து மண் சேறாக வந்தது. இந்த ஊர்ப் பழைய சுவர்கள் பலவற்றில் உள்ளே செங்கல்லை மண் சாந்தில்தான் வைத்துக் கட்டியிருப்பார்கள். வெளிப்பூச்சுதான் சுண்ணாம்பு. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகப் பகலில் காற்றோடு போய்விடும். அது போகிற வழியில் சிமெண்டைப் பூசியது, நனைந்த மெத்தைக்கு ரெக்சின் உறை தைத்துப் போட்ட கதைதான். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும், உள்ளே மக்கும்.

மாசியில் பூச்சை எடுத்தோம். ஆடி வரை சுவரை அப்படியே வெறுஞ்செங்கலாக விட்டேன். பார்க்க அவலமாகத்தான் இருந்தது. வந்து போகிற உறவுக்காரர்கள் எல்லோரும் மேஸ்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்றே நினைத்தார்கள். வெளியே பூத்த உப்பை வாரம் ஒருமுறை காய்ந்த தூரிகையால் தட்டி முறத்தில் ஏந்திக் கொட்டினோம். கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போகும். உப்பு பூப்பது குறைந்து, செங்கல் நிறம் வெளுத்த பிறகுதான் சுண்ணாம்புச் சாந்தைக் கையில் எடுத்தேன். இந்த வேலையில் முக்கால்வாசி, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதுதான். அதற்கு பில் போட முடியாது என்பதுதான் கஷ்டம்.

இப்போது சுண்ணாம்பு. இதைச் சொல்லாமல் பழைய வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுவரின் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

அடிப்பூச்சுக்குக் கல் சுண்ணாம்பு போதும். மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும். சூளையில் சுட்ட கிளிஞ்சல் உருவம் குலையாமல் வெள்ளை வெளேரென்று வரும். எடுத்தால் கனமே இருக்காது. தொட்டியில் தண்ணீர் விட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சீறும், கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வையே போகலாம். அதனால் பையன்களைத் தொட்டிப் பக்கம் அண்ட விடமாட்டேன். நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி மூடி வைக்க வேண்டும். எத்தனை நாள் என்றால், முடிந்த வரை. மாதக்கணக்கில் ஊறியது வெண்ணெய்ப் பதத்தில் கரணையில் ஏறும். அவசரத்துக்கு இரண்டாம் நாளே எடுத்தால் நீறாத குருணை உள்ளே இருக்கும். அது சுவரில் போன பிறகு சாவகாசமாக நீறி, பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாகத் தள்ளிவிடும்.

மணலோடு சேர்த்து அரைக்க அந்தக் காலத்தில் வட்டமாகப் பள்ளம் கட்டி, கல் சக்கரத்தை மாடு இழுக்கும். இப்போது மோட்டார் வைத்த அரவை. தரைக்கும் தளத்துக்கும் செங்கல் தூள், அதாவது சுர்க்கி, சேர்ப்போம். அது சேர்ந்த காரை ஈரத்திலும் இறுகும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு தண்ணீரில் நாள் கணக்காக ஊறப்போட்டு, புளித்து நுரைத்த பிறகு அந்தத் தண்ணீரை விட்டுத்தான் காரையைப் பிசைவோம். வெல்லம் காரையைச் சீக்கிரம் இறுக விடாமல் கைக்கு நேரம் கொடுக்கும். கடுக்காய்த் துவர்ப்பு பிடிப்பைக் கூட்டும். அளவு கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் சொல்வதும் என் அப்பா சொன்னதுதான், அதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மணல் மாறினால் அளவும் மாறும்.

மாடித் தளம் போடுவதுதான் இந்த வேலையில் பெரிய வேலை. ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குச் சட்டம். அவற்றின் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம் உள்ள சின்னச் செங்கல்லைக் குத்தாக, மூலைவாட்டில் சாய்த்துச் சாய்த்து அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கீழே பலகை முட்டு கிடையாது. முந்தின வரிசையோடு கை அழுத்தத்திலேயே செங்கல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அடுக்குகிறவன் காரையை அள்ளுகிற வேகத்தைப் பார்த்தே அவன் எத்தனை தளம் போட்டவன் என்று சொல்லிவிடலாம். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாலு அங்குலம் கொட்டுவோம். அப்புறம்தான் தட்டு.

தளம் தட்டுவது சித்தாள் பெண்கள் வேலை. வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் தட்டுக்கட்டையோடு, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்குவார்கள். பாட்டு பொழுதுபோக்குக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தட்டு ஒரே கதியில் விழ வேண்டும். ஓரிடத்தில் ஓங்கியும் ஓரிடத்தில் சும்மாவும் விழுந்தால் தளம் ஒரே சீராக இறுகாது. நாலு அங்குலம் மூன்றாக இறங்கி, கட்டை தளத்தில் பட்டு எகிறிக் கையைத் திருப்பி அடிக்கிற வரை, நாள் கணக்கில் தட்ட வேண்டும். இந்த அம்மா வீட்டு மாடியில் தட்டியவர்களில் மூத்தவள் ஒருத்தி, இஞ்சினியர் தம்பி ஒருவர் வந்து "போதும்மா, இறுகிடுச்சு" என்றதும் கட்டையை அவர் கையில் கொடுத்தாள். "நீயே ஒரு தட்டு தட்டிப் பாரு தம்பி. கையில வந்து அடிச்சா சொல்லு, எழுந்துக்கிறோம்." அடிக்கவில்லை. இன்னும் ஒன்றரை நாள் தட்டினார்கள். அதன் மேல் சுண்ணாம்புச் சாந்தில் தட்டோடு பதித்து, தூம்புப் பக்கம் வாட்டம் பார்த்து முடித்தோம்.

உள்சுவருக்கு மேல்பூச்சு பளபளப்பு வேலை. கிளிஞ்சல் சுண்ணாம்பை வெண்ணெயாக அரைத்து, நுனி விரலில் தேய்த்தால் குருணையே தட்டுப்படாத பதத்தில் மெல்லிசாக ஏற்றி, ஈரம் இழுக்கிற நேரம் பார்த்து வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். முந்தினால் பூச்சு பிய்த்துக்கொண்டு வரும், பிந்தினால் மெருகு ஏறாது. தேய்க்கத் தேய்க்க சுவர் வேர்க்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் தெரிய ஆரம்பிக்கும். வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய வழக்கம். இந்த அம்மா வீட்டில் முட்டை நிலைப்படி தாண்டக் கூடாது. "சாமி உள்ள கூடம் மேஸ்திரி, பார்த்துக்கோ" என்றார். முட்டை சேர்க்காமலேயே செய்தோம். தேய்க்கிற கை சரியாக இருந்தால் மெருகு வரும்.

மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆசாரிகள் சண்டைக்கு வருவார்கள், அதனால் சுருக்கமாக. பர்மாத் தேக்கு உத்திரம் நடுவில் கெடுவது அபூர்வம். சுவருக்குள் போகிற முனைதான் மக்கும், கரையானும் அங்கேதான் ஏறும். அதைப் பார்த்துவிட்டு முழு உத்திரத்தையும் கழற்றிவிட்டு இரும்பு ஐ-பீம் போடுகிறவர்கள் உண்டு. கழற்றிய தேக்கு நல்ல விலைக்குப் போகும் என்பதும் அதற்கு ஒரு காரணம். கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டு, பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட்டு, பக்கத்துக்கு ஓர் இரும்புப் பட்டை வைத்து முடுக்கி, முனையைச் சுற்றிக் காற்று போக இடம் விட்டு உட்கார வைத்தால் இன்னும் இரண்டு தலைமுறைக்குப் போதும். என் மாடிகளைத் தாங்குகிற மரம் எல்லாம் அப்படி ஒட்டுப்போட்டதுதான்.

பாதுகாப்பு என்று ஊரில் பேசுகிற விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பதற்காக 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை, தெருத் தெருவாகப் போய்ப் பழைய கட்டடங்களைப் பட்டியல் போட்டது. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இன்று பேசவே ஒன்றும் இருந்திருக்காது. 2000க்குப் பிறகு ஐரோப்பிய யூனியனின் ஏசியா அர்ப்ஸ் திட்டம் வந்தது. இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோட்டும் கூட்டாளி ஊர்கள். கால்வே சுப்பராய செட்டியார் வீதியை, பழைய பெயரில் வைசியாள் வீதியை, மாதிரித் தெருவாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் பாதி, திட்டம் பாதி என்று முகப்புச் செலவைப் பகிர்ந்து, தாழ்வாரமும் திண்ணையும் ஒரே வரிசையாக மீண்டும் எழும்பின. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. நல்ல வேலை. எங்கள் ஆட்கள் பலர் சுண்ணாம்பை மறுபடி கையில் எடுத்தது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் அங்கிருந்து ஊர் பிடித்துக்கொண்டது முகப்பு என்ற ஒன்றைத்தான். முகப்பைத் தொடாதே, உயரத்தை ஏற்றாதே, அவ்வளவுதான் பாரம்பரியம் என்று ஆகிவிட்டது. முன்சுவரை மட்டும் சாரம் கட்டி முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னால் இருந்ததை எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கான்கிரீட் தூண் எழுப்பிப் பன்னிரண்டு அறை வைத்த விடுதிகளை நான் பார்த்திருக்கிறேன். முற்றம் இருந்த இடத்தில் லிப்ட். வெளியே திண்ணையில் பித்தளை உருளி வைத்து அதில் பூ மிதக்க விட்டிருப்பார்கள். அப்படி ஒரு வேலையில் முகப்புக்குச் சுண்ணாம்பு பூச என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பூசிவிட்டுத்தான் வந்தேன், கூலி வேலைக்காரன்தானே. ஆனால் அதைப் பழைய வீடு என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

எல்லா விடுதியையும் திட்டவும் மாட்டேன். முற்றத்தை மூடாமல், தளத்தை மாற்றாமல், குளியலறைக் குழாய்களைப் பொதுச் சுவரில் ஓட்டாமல் தனியாகக் கொண்டுபோய் இறக்கிய விடுதிக்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். வாடகை வருவதால் வருஷா வருஷம் மாடியைப் பார்க்கிறார்கள். பூட்டிப் போட்ட பூர்விக வீட்டைவிட அந்த வீடுகள் நன்றாகவே இருக்கின்றன.

பூட்டிப் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பாகம். ஒரு வீட்டுக்கு ஏழெட்டுப் பாகஸ்தர்கள், அதில் பாதிப் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கேயே தங்கிவிட்டவர்கள். மாடி ஒழுகினால் யார் கையெழுத்துப் போடுவது, யார் பணம் போடுவது என்று கடிதம் போய் வருவதற்குள் இரண்டு ஐப்பசி போய்விடும். விற்றால் மட்டும் எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்வார்கள். அந்த அம்மா வீட்டிலும் அதுதான் நடக்க இருந்தது. மாடி வேலைக்கு அவர் தன் பென்ஷன் சேமிப்பை எடுத்தார். "என் பாகத்துக்கு மேல இருக்கிற மாடியை மட்டும் பண்ண முடியுமா மேஸ்திரி?" என்று ஒருநாள் கேட்டார். முடியாது என்றேன். தண்ணீருக்குப் பாகம் தெரியாது. முழு மாடியும் செய்தோம். பாரிஸில் இருக்கிற மகன் பிறகு வந்து பார்த்துவிட்டுத் தன் பங்கைக் கொடுத்தார், மற்றவர்கள் கொடுக்கவில்லை.

அரசாங்கக் கட்டடம் என்றால் பாகஸ்தர் தொல்லை இல்லை, நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு மேரி கட்டடம் ஞாபகம் இருக்கும். கடற்கரை ஓரம் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய நகராட்சி மண்டபம். பல வருஷம் ஒழுக விட்டு, 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் மொத்தமாகச் சரிந்தது. அதே உருவத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை முன்னாலேயே மாடியில் செலவு செய்திருந்தால் பழைய கட்டடமே நின்றிருக்கும் என்பது என் கணக்கு. கட்டடத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் இந்த ஊர்ப் பக்கமாகக் கரை கடந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. மறுநாள் தண்ணீர் வடிந்த தெருவாகப் பார்த்து, நான் வேலை செய்த வீடுகளுக்கு நடந்தேன். தூம்பைச் சுத்தமாக வைத்திருந்த வீடுகளில் சுண்ணாம்புத் தளம் நனைந்திருந்தது, ஒழுகவில்லை. ஒரு வீட்டில், தளம் நான் போட்டதுதான், தூம்பு வாயில் பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டு மாடியில் ஒரு முழம் தண்ணீர் நின்று, படிக்கட்டு வழியாக அருவியாக இறங்கி, கூடத்தில் இருந்த பீரோவை எல்லாம் நனைத்திருந்தது. எவ்வளவு நன்றாகத் தட்டிய தளமும் பிளாஸ்டிக் பைக்கு முன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆள் கிடைக்காது என்ற பேச்சும் உண்டு. பாதி உண்மை. தளம் தட்டிய பெண்களில் பலர் இப்போது வேலைக்கு வருவதில்லை, முட்டி வலி. அவர்கள் மகள்கள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், போகட்டும். வெயிலில் குந்தி உட்கார்ந்து தட்டுவதை மரபு என்று சொல்லி அவர்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. கூலியை உயர்த்தினால் ஆள் வரும் என்பதையும் பார்த்திருக்கிறேன். சிமெண்ட் கொத்தனாருக்குக் கொடுப்பதையே சுண்ணாம்புக் கொத்தனாருக்கும் கொடுத்துவிட்டு, அவன் ஆறு மாதம் ஊறிய சுண்ணாம்போடு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் இப்போது வந்து நின்று நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். சிலர் கரணையைக் கையில் எடுக்கவும் செய்கிறார்கள். ஒரு பெண் கூழாங்கல் தேய்ப்பை என்னைவிடப் பொறுமையாகச் செய்கிறாள். அவளுக்கு இதில் பிழைப்பு இருக்குமா என்று அவள் அப்பா என்னிடம் கேட்டார். ஊரில் பழைய வீடு நிற்கிற வரை இருக்கும் என்றேன்.

பட்டியல் போடுகிற அதிகாரிகளிடமும் குழுக்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். முகப்போடு சேர்த்து முற்றம், மாடித் தளம், உத்திரம், பொதுச் சுவர் இவற்றையும் பாதுகாக்க வேண்டியவை என்று எழுத்தில் சேருங்கள். மானியம் கொடுப்பதாக இருந்தால் முதல் ரூபாயை மாடிக்குக் கொடுங்கள், பெயிண்டுக்குக் கடைசியில் கொடுத்தால் போதும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு: புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை மாடிக்கு ஏறித் தூம்பைச் சுத்தம் செய்யுங்கள். அரசங்கன்று விரல் பருமனாக இருக்கும்போதே ஆளைக் கூப்பிடுங்கள். வருகிற கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்க்காமலே எத்தனை மூட்டை சிமெண்ட் ஆகும் என்று கணக்குச் சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.